பாரதியாரும் விகட சித்திரங்களும்

யாம் பிறந்த பனவடலிசத்திரத்திற்கு வடக்கே சங்கரன்கோவில், கிழக்கே எட்டயபுரம், தென்மேற்கே கடையம். சங்கன், பதுமன் என்னும் நாகவரசர் இருவர், சிவபிரானே பெரியர், திருமாலே பெரியர் என்று வழக்கிட, அவ்வழக்குத் தீரும்வண்ணம் இருவரும் ஓருருவாய்த் தோன்றினர் என்பது சங்கரன்கோவில் வரலாறு. சொல்லால் ஆறாத பூசலை ஓர் உருவம் ஆற்றிற்று என்பதே அக்கதையின் பொருள்.

மேனாட்டிலோ உருவங்கள் பூசலை வளர்க்கவும் பயன்பட்டன. லூத்தர் பெருமானின் சீர்திருத்தக் காலத்தில், 1521இல், கிறிஸ்து பெருமானின் எளிமையையும் போப்பரசரின் செல்வத்தையும் எதிரெதிரே காட்டிய கிரானாக்கின் மரச்செதுக்குப் படங்கள் அச்சேறிப் பரவின. பின்னர் அக்கலை அரியணையையும் எள்ளத் தொடங்கிற்று. பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப்பை, குடிகளின் பொருளை விழுங்கும் பூதமாகத் தீட்டிய டோமியே என்பார் 1832இல் சிறைபுக்கார். இத்தகைய கூரிய படைக்கலத்தைத் தமிழ்ப் பத்திரிகையிற் கையாண்ட முன்னோடி, நமது எட்டயபுரத்துச் சுப்பிரமணிய பாரதியார் ஆவர்.

பாரதியார் 1882ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11ஆம் நாள் தோன்றினார். இளமையிலேயே எட்டயபுரத்துப் புலவரவையில் பாரதி என்னும் பட்டம் பெற்றார். 1898இல் தந்தையாரை இழந்து காசிக்குச் சென்று பயின்றார். மீண்டு வந்து எட்டயபுரம் ஜமீனிற் பணிபுரிந்தார். அரசவையின் வீண் பெருமைகளையும் முகத்துதிகளையும் அருகிருந்து கண்ட அவ்வனுபவம் வீண்போகவில்லை. பிற்காலத்தில் அவர் எழுதி முற்றுப்பெறாத 'சின்னச் சங்கரன் கதை'யிலே ஜமீன் வாழ்வு நகைப்புக்கு இலக்காயிற்று.

1904இல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியிற் சில மாதம் தமிழாசிரியராய் அமர்ந்து, அவ்வாண்டே சென்னை சென்று 'சுதேசமித்திர'னிற் சேர்ந்தார். 1906இல் தோன்றிய 'இந்தியா' வார இதழே அவருடைய உள்ளம் முழுதும் வெளிப்பட்ட இடம். அதன் முதற்பக்கத்திலே விகட சித்திரங்கள் இடம்பெற்றன. தீட்டிய கை வேறாயினும் கருத்து அவருடையதே. அந்நாளில் எழுத்தறிந்தோர் நூற்றுவரிற் பதின்மரும் இலர். கட்டுரையைப் படிக்கமாட்டாத உழவனும் வணிகனும் படத்தைக் கண்டு பொருள் உணரலாம், கண்டபின் நகைக்கலாம். எவன் ஆட்சியைக் கண்டு நகைக்கின்றானோ அவன் அவ்வாட்சிக்கு அஞ்சுதலைப் பாதி விட்டவன்.

ஆங்கில ஆட்சியார் இதனை அறியாதவரல்லர். 1908இல் அடக்குமுறை மிகுந்தது. 'இந்தியா'வின் ஆசிரியராய்ச் சட்டப்படி பதிவு பெற்றிருந்த சீனிவாசன் சிறைப்பட்டார். பாரதியார் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரிக்குச் சென்றார். ஒருவர் எழுத, மற்றொருவர் தண்டனை ஏற்றார் என்பதை நாம் மறைத்தல் தகாது. பெரியோர் சரிதையை வரைவோர் நிழலையும் வரைதல் வேண்டும். ஆயினும் பாரதியார் புதுச்சேரியில் வாளாவிருந்தாரல்லர். அவ்வாண்டு அக்டோபரிலேயே 'இந்தியா' அங்கு மீண்டும் வெளிவந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அதனைப் புகவொட்டாது தடுத்தமையால் 1910 மார்ச்சில் அது நின்றது. விகட சித்திரங்களுக்கென்றே 'சித்திராவளி' என்னும் தனி இதழ் நடத்த அவர் எண்ணியதும் கைகூடவில்லை. வறுமையோடு பத்தாண்டு அங்கே கழிந்தது.

இனி, நமது கல்லூரியார் சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. பாரதியார் பாதிரிமாரின் மதமாற்ற முயற்சிகளைக் கடுமையாகக் கண்டித்தவர். கிறிஸ்தவராகிய நமக்கு அவ்வெழுத்துக்கள் சுடவே செய்யும். ஆயினும் அவரே இயேசு பெருமானைப் பற்றியும் அல்லாவைப் பற்றியும் பாடினார். கடையத்தில் வாழ்ந்தகாலை, அண்மையிலுள்ள பொட்டல்புதூரில் முஸ்லிம் அன்பரிடையே இஸ்லாத்தின் மகிமையைக் குறித்துச் சொற்பொழிவாற்றினார். 1909இல் அவருடைய 'விஜயா' இதழின் முகப்பிலே, பல்வேறு வகையினரான தன் மக்களோடு பாரத மாதா விளங்கும் படம் வெளிவந்தது. ஆள்வோரை எள்ளிய அதே படக்கலை இங்கே உடன்பிறந்தாரை ஒன்றுகூட்டிற்று. ஒரு செயலைக் கண்டித்தல் வேறு, ஒரு சமயத்தாரை வெறுத்தல் வேறு என்பதை அவர் வாழ்வினின்று நாம் கற்றல் கூடும்.

1918 நவம்பரிற் புதுச்சேரியை விட்டு வெளிப்போந்த அவர் கடலூரருகே சிறைப்பட்டு, சில வாரங்களில் விடுதலையுற்று, மனைவியார் செல்லம்மாளின் ஊராகிய கடையத்திற்கு வந்தார். 1920இற் சென்னை சென்று மீண்டும் 'சுதேசமித்திர'னிற் பணியேற்றார். 1921 செப்டம்பரில், நாற்பதாண்டு நிரம்புமுன், திருவல்லிக்கேணியில் மறைந்தார்.

சிதறிக்கிடந்த அச்சித்திரங்களை 1994இல் ஆ. இரா. வேங்கடாசலபதி நூலாகத் தொகுத்தளித்தார். கவிதையைப் போற்றுவோர் அவற்றையும் காண்பாராக. நம்மினும் வலியவரைக் கண்டு நகைக்கத் துணிவு வேண்டும். நம்மினும் எளியவரைக் கண்டு நகையாதிருக்க அன்பு வேண்டும். எட்டயபுரத்துச் சாலையிலும் கடையத்துச் சாலையிலும் செல்லுந்தோறும் யாம் இவ்விரண்டையும் எண்ணிக்கொள்கின்றோம்.