ஆணி பொறுக்கிய பஸ் கம்பெனி: டி.வி.எஸ். குடும்பம் பிரேக்குக்கும் வீலுக்கும் வந்தது எப்படி?

மதுரையிலிருந்து தென்காசி வழியாகக் கொல்லம் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது வாசுதேவநல்லூர். இந்த ரோட்டில் இப்போது பெரிய அலாய் வீல், அகலமான டயர், சிவப்பு பெயிண்ட் அடித்த காலிப்பர் என்று மாற்றிய கார்களை அடிக்கடி பார்க்கலாம். வேகமான கார் வைத்திருப்பவர்கள் முதலில் கை வைப்பது வீலிலும் பிரேக்கிலும்தான். இந்த இரண்டு பொருள்களையும் இந்தியாவில் பெரிய அளவில் தயாரிக்கத் தொடங்கிய நிறுவனங்களைத் தேடிப் போனால், அதே பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் பிறந்த ஒருவரிடம் போய் நிற்போம். அவர்தான் டி.வி.சுந்தரம் ஐயங்கார். டி.வி.எஸ். என்ற மூன்றெழுத்து அவர் பெயர்தான்.

யார் இந்த டி.வி.எஸ்.?

1877-ல் திருக்குறுங்குடியில் பிறந்தவர். நம்பி கோயிலுக்குப் பெயர் பெற்ற, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து ஊர் அது. சட்டத் தொழிலில் ஆரம்பித்து, பிறகு ரயில்வே வேலை, அதன்பின் வங்கி வேலை. அந்தக் காலத்துக் குடும்பங்கள் ஆசைப்படும் உத்தியோகங்கள் எல்லாம் அவருக்கு வாய்த்தன. அதையெல்லாம் விட்டுவிட்டு, 1911-ல் தன் பெயரில் தொழில் தொடங்கினார். மதுரையை மையமாக வைத்து பஸ் ஓட்டுவதுதான் திட்டம்.

இன்றைக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் அன்றைய தென் மாவட்டங்களில் மோட்டார் வண்டியே அபூர்வம். தார் ரோடு கிடையாது. சாலை முழுக்க மாட்டு வண்டிகள். மெக்கானிக் கிடைக்க மாட்டார், ஸ்பேர் பார்ட்ஸ் கடல் தாண்டி வர வேண்டும். நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு அந்த ரோட்டில் பணத்தைப் போடுவது சின்ன ரிஸ்க் இல்லை.

பஸ்ஸுக்கு முன்னால் காந்தம் ஏன் போனது?

அந்தத் தொழிலில் அவருக்கு முதல் எதிரி லாட ஆணி. மாடுகளின் குளம்பில் அடித்த லாடம் தேய்ந்து கழன்றால், அதன் ஆணிகள் ரோட்டில் விழுந்து கிடக்கும். பஸ் டயரில் ஒன்று ஏறினால் போதும், பஞ்சர். வழியில் வண்டி நின்றால், பயணிகள் அடுத்த முறை மாட்டு வண்டிக்கே போய்விடுவார்கள்.

இதற்கு டி.வி.எஸ். கண்டுபிடித்த வழியை மதுரைப் பக்கம் இன்றும் கதையாகச் சொல்வார்கள். காந்தம் பொருத்திய ஒரு வண்டியைப் பஸ் போகும் பாதையில் முன்னால் ஓட்டி, ஆணிகளைப் பொறுக்க வைத்தார். ரோட்டை மாற்றுவது அவர் கையில் இல்லை. ஆணியைப் பொறுக்குவது அவர் கையில் இருந்தது. அதைச் செய்தார், அவ்வளவுதான்.

பலன், நேரம் தவறாத பஸ். டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தி வைக்கலாம் என்ற பேச்சு மதுரையில் பல தலைமுறைக்கு இருந்தது. சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் பஸ்களும் லாரிகளும் பெருகின.

போர் வந்தபோது என்ன ஆனது?

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. வண்டி நல்லா இருந்தாலும் எரிபொருள் இல்லை. அப்போது டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் என்ற கரிவாயு கருவி தயாரானது. கரியைக் குறைவான காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு கிடைக்கும். அதைச் சுத்தப்படுத்தி எஞ்சினுக்கு அனுப்பினால் பெட்ரோல் இல்லாமலே வண்டி ஓடும். இழுவை குறையும், அடிக்கடி சாம்பல் அள்ள வேண்டும், ஆனாலும் பஸ் நிற்காது.

டயரும் கிடைக்கவில்லை. ரப்பர் விளையும் மலேயாவை 1942-ல் ஜப்பான் பிடித்திருந்தது. தேய்ந்த டயரின் மேல் புது ரப்பரை ஒட்டி வேகவைக்கும் ரீட்ரெடிங் தொழிலிலும் நிறுவனம் இறங்கியது. காந்தமானாலும் கரிவாயுவானாலும், தொழில் எங்கே தடைபடுகிறதோ அங்கே போய் நிற்பதே அவர் பழக்கமாக இருந்தது.

வீட்டுக்குள் நடந்த சோதனை

தொழிலில் புதுமை செய்வது ஒரு பக்கம். வீட்டுக்குள் வந்த கேள்வி அதைவிடக் கடினமானது. மகள் சௌந்தரத்துக்குச் சின்ன வயதிலேயே திருமணம் நடந்தது. மருமகன் டாக்டர் சௌந்தரராஜன், பிளேக் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தபோது அதே நோய் தொற்றி இறந்துபோனார். இருபது வயதை ஒட்டி விதவையான பெண்ணை மூலையில் உட்கார வைக்கும் காலம் அது. சௌந்தரம் டெல்லியில் மருத்துவம் படித்தார், டாக்டர் ஆனார்.

அங்கே காந்திய இயக்கத்தில் இருந்த ஜி.ராமச்சந்திரனைச் சந்தித்தார். மறுமணம், அதுவும் சாதி மாறி. குடும்பம் இதை எளிதாக ஏற்கவில்லை. இருவரும் ஒரு வருடம் பிரிந்திருந்து பார்க்கும்படி காந்தி சொன்னார். அப்படியும் மனம் மாறாததால், 1940-ல் காந்தியின் ஆசியோடு திருமணம் நடந்தது. 1947-ல் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தை உருவாக்கியது இந்தத் தம்பதிதான். ரோட்டில் கிடந்த தடையை உடனே பொறுக்கத் தெரிந்த மனிதரின் வீட்டில், இந்தத் தடையைத் தாண்டிக் காட்டியவர் மகள்.

பஸ் கம்பெனி பிரேக் கம்பெனி ஆனது ஏன்?

டி.வி.எஸ். தொழிலை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கினார். 1955 ஏப்ரல் 28 அன்று கொடைக்கானலில் காலமானார். அப்போது குடும்பத்தின் சுந்தரம் மோட்டார்ஸ், ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்கும் பெரிய நிறுவனங்களில் ஒன்று.

ஆனால் அந்த நேரத்தில்தான் களம் மாறியது. வெளிநாட்டுப் பாகங்களைக் கொண்டு வந்து இங்கே பூட்டி விற்பது மட்டும் போதாது, உள்நாட்டிலேயே தயாரிக்க வேண்டும் என்று மத்திய அரசு முடிவெடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1954-ல் இந்தியாவில் வண்டி பூட்டுவதை நிறுத்தியது. விற்பனையை மட்டும் நம்பி இனி ஓட்ட முடியாத நிலை.

மகன்கள் தயாரிப்புக்குத் திரும்பினார்கள். 1960-ல் வீல்ஸ் இந்தியா. 1962-ல் பிரேக்ஸ் இந்தியா, அதே ஆண்டில் லாரி, பஸ்களுக்கான ஏர் பிரேக் தயாரிக்க சுந்தரம் கிளேட்டன். மூன்றுக்கும் சென்னை பாடிதான் தொடக்கக் களம். பிரிட்டிஷ் நிறுவனங்களின் தொழில்நுட்பம் கைகொடுத்தது.

1972-ல் தமிழக அரசு பஸ்களை நாட்டுடைமை ஆக்கியது. மதுரையின் டி.வி.எஸ். பஸ்கள் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஆயின. அறுபது வருடம் கட்டிய பஸ் தொழில் கையை விட்டுப் போனது. ஆனால் பிரேக்கும் வீலும் இருந்ததால் குடும்பம் தடுமாறவில்லை. 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது, 1982-ல் டி.வி.எஸ். ரேஸிங் அணி வந்தது.

இன்று பிரேக், வீல் மாற்றுபவருக்கு இதில் என்ன இருக்கு?

எங்கே தடைபடுகிறது என்று முதலில் பார்ப்பதுதான் பாடம். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். அது முழுக்கச் சூடாக மாறும். செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு மலைப் பாதையில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பேட் சூடேறிப் பிடிப்புக் குறையும். பழைய பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் உள்ளே போய்விடும்.

பெரிய டிஸ்க் போட்டால் சூடு தாங்கும். அதற்கு இடம் கொடுக்கப் பெரிய வீல் வேண்டும். ஆனால் வீல் கனமாக இருந்தால் குழியில் வண்டி அதிகமாகக் குலுங்கும், இழுவையும் மந்தமாகும். டயர் மட்டமாக இருந்தால் எந்த பிரேக்கும் பயன்படாது, ஏனென்றால் ரோட்டைப் பிடிப்பது டயர்தான்.

அதனால் வரிசை இதுதான்: நல்ல டயர், புது பிரேக் ஆயில், தரமான பேட். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் பெரிய டிஸ்க், அதற்கேற்ற எடை குறைந்த வீல். தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது. எதை மாற்றினாலும் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டி.வி.எஸ். முதலில் பஸ்ஸை அழகாக்கவில்லை. அது நிற்கும் இடம் எது என்று பார்த்தார். ரோட்டில் கிடந்த ஆணியிலிருந்து தொடங்கினார்.