செனெக்கா

உரோமப் பேரரசு ஓங்கியிருந்த நாளில், அதன் தலைநகரில் கொலை ஒரு பொழுதுபோக்காக விளங்கியது. காலையில் குற்றவாளிகளைச் சிங்கங்களுக்கும் கரடிகளுக்கும் இரையாக்குவர்; நண்பகலில் கேடயமோ தலைக்கவசமோ இன்றி ஒருவரையொருவர் வெட்டி மாளும்படி விடுவர். வட்டரங்கின் படிகளில் அமர்ந்து மக்கள் ஆரவாரிப்பர். சிறிது இளைப்பாறலாம் என்று ஒருநாள் நண்பகலில் அங்குச் சென்ற முதியவர் ஒருவர், அக்கூட்டத்தினிடையே இருந்தமையால் தம் நெஞ்சும் கொடியதாயிற்று என்று நண்பருக்கு வருந்தி எழுதினார். அவரே செனெக்கா.

செனெக்கா கி.மு. 4-ஆம் ஆண்டையொட்டி ஸ்பெயின் நாட்டுக் கார்டோபா நகரில் பிறந்தார். உரோமில் வளர்ந்து, மெய்யுணர்விலும் சொல்வன்மையிலும் சிறந்தார். கி.பி. 41-இல் கிளாடியசு மன்னன் அவர்மீது பழி சுமத்திக் கார்சிகாத் தீவுக்குக் கடத்தினான். எட்டாண்டுகள் அங்கே கழிந்தன. 49-இல் அரசி அக்ரிப்பினா அவரை மீட்டு, தன் மகன் நீரோவுக்கு ஆசிரியராக்கினாள். அம்மாணவன் 54-இல், 16 வயதில், அரியணை ஏறினான். செனெக்காவும் படைத்தலைவர் புர்ரசும் துணைநின்று நடத்திய தொடக்க ஆண்டுகளில் ஆட்சி செம்மையாகவே நடந்தது.

இளமன்னனுக்கென்று செனெக்கா அருளுடைமை பற்றி ஒரு நூல் இயற்றினார். தேனீக்களின் அரசனுக்குக் கொடுக்கு இல்லை என்பது அக்காலத்தார் நம்பிக்கை. அதையே எடுத்துக்காட்டி, வலியவனுக்குப் பொறுமையே அழகு என்று அதில் அறிவுறுத்தினார். ஆனால், அந்நூல் பிறப்பதற்கு முன்னரே, கிளாடியசின் மகனான சிறுவன் பிரிட்டானிக்கசு அரசவிருந்தில் நஞ்சுண்டு மாண்டிருந்தான். அக்கொலையை ஏவியவன் நீரோ என்பதே பண்டை வரலாற்றாசிரியர் துணிபு. 59-இல் நீரோ பெற்ற தாயையே கொல்வித்தான். அச்செயலுக்கு நியாயம் கற்பித்து மூதவைக்குச் சென்ற மடலை எழுதிய கை செனெக்காவினுடையது! அவர் வாழ்வில் இதனினும் பெரிய கறை வேறில்லை. உடனிருந்தால் தீமையைக் குறைக்கலாம் என்று அவர் எண்ணியிருக்கலாம், குறைந்ததாகத் தெரியவில்லை.

எளிமையைப் போற்றி எழுதிய அவரிடம் 30 கோடி செசுடர்சு நாணயம் குவிந்திருந்ததாக மூதவையில் ஒருவர் குற்றம் சாட்டினார். பிரிட்டன் மக்களுக்கு அவர் கொடுத்த 4 கோடி கடனைத் திடீரென வன்மையாகத் திரும்பக் கேட்டதும், அரசி பூடிக்கா தலைமையில் அங்கு எழுந்த கிளர்ச்சிக்கு ஒரு காரணம் என்பர் டயோ. அவர் செனெக்காவின்பால் பரிவற்றவர். நூற்றாண்டுக்கு மேற்கழிந்து எழுதியவர். ஆதலின் முற்றும் நம்புதற்கில்லை. ஆயினும், அக்கிளர்ச்சியில் இலண்டன் உட்பட மூன்று நகரங்கள் எரிந்ததும், பல்லாயிரவர் மாண்டதும் உண்மை.

61-இல் உரோம நகரக் காவல் தலைவர் ஒருவரை அவருடைய அடிமை கொன்றான். பழஞ்சட்டப்படி அவ்வீட்டு அடிமைகள் 400 பேரும் கொல்லப்பட்டனர். வட்டரங்கில் கொலை கண்டு களித்த அதே நகர மக்கள் இதனைப் பொறாது தெருவில் திரண்டனர்; நீரோ வழிநெடுகப் படையை நிறுத்தித் தண்டனையை நிறைவேற்றினான். அன்று செனெக்கா என்ன செய்தார் என்று வரலாறு கூறவில்லை. பின்னாளில் எழுதிய கடிதமொன்றில், அடிமைகளும் மனிதரே, அவர்களுடன் ஒருங்கிருந்து உண்பதில் இழிவில்லை என்றார்.

துன்பியல் நாடகங்களும் அவர் எழுதினார். தியெசுடிசு என்னும் நாடகத்தில், பழிவெறி கொண்ட மன்னன் ஒருவன் தன் உடன்பிறந்தானின் மைந்தரைக் கொன்று, அவ்வூனை அவனுக்கே விருந்தாக்குகிறான். அரங்கிற்கென எழுதினாரா, படிப்பதற்கென எழுதினாரா என்பது அறிஞரிடை இன்னும் வழக்கே. கொடுங்கோலனின் உள்ளத்தை அருகிருந்து கண்டவர் எழுத்து என்பது மட்டும் வரிக்கு வரி விளங்கும். 1581-இல் அவர் பெயரிலுள்ள நாடகங்கள் ஆங்கிலத்தில் ஒருங்கே அச்சேறின. அந்நாட்டு நாடகப் புலவர்கள் அவற்றால் பெரிதும் ஈர்க்கப்பட்டனர்.

62-இல் புர்ரசு இறந்தார். செனெக்கா தம் செல்வம் அனைத்தையும் அரசனிடமே ஒப்படைத்து விலக விழைந்தார். நீரோ தழுவி முத்தமிட்டான், விடைமட்டும் கொடுக்கவில்லை. நோயைக் காரணங்காட்டி அவர் ஒதுங்கி வாழ்ந்தார். 65-இல் மன்னனைக் கொல்லச் சூழ்ச்சி நடந்தது. அதில் அவருக்கும் பங்குண்டு என்று கூறி, தற்கொலை செய்துகொள்ளுமாறு ஆணை வந்தது.

செனெக்கா கலங்கவில்லை. அழுத நண்பர்களைத் தேற்றினார். கைகால் நரம்புகளை அறுத்தும், முதுமையாலும் மெலிவாலும் குருதி மெல்லவே கசிந்தது, நஞ்சும் பயன்தரவில்லை. இறுதியில் வெந்நீரறையின் ஆவியில் மூச்சடைத்து உயிர் நீத்தார். அவருடன் இறக்கத் துணிந்து தானும் நரம்பை அறுத்துக்கொண்ட மனைவி பாலினாவை, நீரோவின் ஆணையால் வீரர்கள் தூண்ட, அடிமைகளும் விடுதலை பெற்ற அடிமைகளும் கட்டுப்போட்டுக் காத்தனர். கணவர் நினைவோடு அவ்வம்மையார் மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்தார். குருதி இழந்த முகத்தின் வெளுப்பு கடைசிவரை மாறவில்லை.