நாலு சின்ன வீடு, ஒரே வீடான கதை! பழைய வீட்டை இடிக்கும் முன் ஜெஃப்ரி பாவாவைத் தெரிஞ்சுக்கலாமா?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் தாத்தா கட்டிய ஓட்டு வீடு உங்களுக்கு இருக்கா? முன்னால் திண்ணை, நடுவில் முற்றம், மழை பெய்தால் கூடத்தில் நாலு பாத்திரம். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் ஒரே பேச்சுதான்: இடிச்சிட்டு கான்கிரீட் வீடு கட்டிடலாமா? சுற்றிலும் சிமெண்ட் ஆலைகள் உள்ள ஊரில் அந்தப் பேச்சு வருவது சகஜம்தான்.

முடிவெடுக்கும் முன், இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் கதையைப் பார்த்துவிடுவோம்.

யார் இந்த பாவா?

1919 ஜூலை 23-ல் கொழும்பில் பிறந்தவர். அப்பா வழக்கறிஞர். மகனும் இங்கிலாந்து போய் கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்து, பிறகு வக்கீல் ஆனார். ஆனால் மனசு அதில் ஒட்டவே இல்லை. அம்மா இறந்ததும் 1946-ல் தொழிலை விட்டுவிட்டு ஊர் சுற்றக் கிளம்பினார். இத்தாலியில் ஒரு வீடு வாங்கி அங்கேயே தங்கிவிட நினைத்தார். அது கைகூடவில்லை.

ஊர் திரும்பியவர், 1948-ல் பெந்தோட்டை அருகே ஏரிக்கரையில் கைவிடப்பட்ட ஒரு ரப்பர் தோட்டத்தை வாங்கினார். அதுதான் லுனுகங்கா. பழைய பங்களாவையும் தோட்டத்தையும் மாற்றத் தொடங்கியபோதுதான் ஒன்று புரிந்தது: ஆசை இருக்கு, தொழில் தெரியலை. கட்டட நிறுவனம் ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்தார். பிறகு லண்டன் போய் முறையாகப் படித்தார். 1957-ல் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 38!

கொழும்பு வீட்டில் என்ன செய்தார்?

கொழும்பு பாகதலே வீதியை ஒட்டி 33-வது லேன் என்று ஒரு முட்டுச்சந்து. அங்கே வரிசையாக நாலு சின்ன வீடுகள். மூன்றாவது வீட்டில் பாவா குடியேறினார். கொஞ்ச நாளில் நான்காவதும் கைக்கு வந்தது. சுமார் 10 வருஷத்தில் மீதி இரண்டும் அவருடையதாகின.

நாலையும் தரைமட்டமாக்கி ஒரு மாளிகை கட்டியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. இங்கே ஒரு சுவரைத் திறந்தார், அங்கே கூரையை எடுத்து வானம் தெரியும் குட்டி முற்றம் வைத்தார். வீடுகளுக்கு இடையே இருந்த சந்து, வெள்ளைச் சுவர்களோடு நீளமான நடையாக மாறியது. நடந்து போனால் திடீரென மேலிருந்து வெளிச்சம் விழும், அடுத்த திருப்பத்தில் தண்ணீர்த் தொட்டி. நம்ம செட்டிநாட்டு வீட்டுத் தூண்களும் அங்கே இருக்கின்றன. நண்பர்களான ஓவியர்கள் வரைந்த கதவுகள், பத்திக் துணிகள், பழைய மரச்சாமான், புது நாற்காலி என எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். கார் நிற்கும் இடத்தில் 1934-ம் வருஷத்து ரோல்ஸ் ராய்ஸ்!

எல்லாப் பழசையும் காப்பாற்றினாரா?

இல்லை. நாலு வீட்டில் முதலாவதை இடித்துவிட்டு, அந்த இடத்தில் உயரமான புதுக் கட்டடம் எழுப்பினார். பழசு என்பதற்காக எதையும் அவர் கும்பிடவில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது என்று ஒவ்வொன்றாக யோசித்தார். அதனால்தான் வருஷக்கணக்கில் ஆனது.

கூரை ஒழுகினால்?

இதற்கும் பாவாவிடம் விடை உண்டு. நெளி சிமெண்ட் ஷீட்டைப் போட்டு, அதன் மேல் நாட்டு ஓட்டை அடுக்கும் முறையைத் தன் கட்டடங்களில் நிறையப் பயன்படுத்தினார். தண்ணீரை ஷீட் தடுக்கும். வெயிலை ஓடு தாங்கும். பார்க்கவும் பழைய ஓட்டு வீடுதான். நீங்கள் செய்வதாக இருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத ஷீட்டாகக் கேட்டு வாங்குங்கள். சிமெண்டும் ஓடும் எதிரிகள் இல்லை என்பதை அரியலூர்க்காரர்களுக்குச் சொல்லணுமா என்ன!

தமிழ்நாட்டுக்கும் வந்தாரா?

வந்தார். 1970-களில் சென்னையின் பழைய கன்னிமாரா ஹோட்டலைப் புதுப்பித்தார். மதுரையில் ஒரு கிளப் கட்டடத்தையும் வடிவமைத்தார். இலங்கையின் கோட்டே நாடாளுமன்றம், கந்தளமை ஹோட்டல் என்று பெரிய வேலைகள் எத்தனையோ செய்தும், லுனுகங்காவை மட்டும் முடிந்துவிட்டதாக விடவே இல்லை. சுமார் 50 வருஷம் மாற்றிக்கொண்டே இருந்தார். 1998-ல் பக்கவாதம் வந்து ஓயும் வரை அந்த வேலை தொடர்ந்தது. 2003 மே 27-ல் மறைந்தார்.

அப்புறம் என்ன ஆச்சு?

1960-களின் தொடக்கத்தில், பத்திக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்காக கொழும்பில் ஒரு முற்றத்து வீடு கட்டியிருந்தார் பாவா. அவர் மறைவுக்குப் பின் அந்த மனை விற்பனையானது. வீடு போய்விடும் என்ற நிலை. வீட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, லுனுகங்காவுக்குக் கொண்டுபோய் மறுபடி கட்டினார்கள்.

33-வது லேன் வீடு இன்றும் அங்கேயேதான் இருக்கிறது. முன்பதிவு செய்தால் போய்ப் பார்க்கலாம்.

தாத்தா வீட்டை மொத்தமாகக் காப்பாற்ற முடியாமல் போகலாம். ஆனால் இடிக்க ஆள் வரும் முன், ஒரு நாள் முழுக்க அந்த வீட்டில் இருந்து பாருங்கள். காலையில் வெயில் எந்த வழியாக வருது, மதியம் எந்த மூலை குளிர்ச்சியா இருக்கு, எந்தச் சுவரைத் திறந்தால் காற்று வரும்? அதைக் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.