கலைக்கும் கூலி கேட்ட அகஸ்டா சாவேஜ்

வாரத்துக்கு 23 டாலர் 86 சென்ட். 1938இல் நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த ஜேக்கப் லாரன்ஸ் என்ற இளைஞருக்கு, ஓவியம் வரைவதற்காக அமெரிக்க அரசு கொடுத்த சம்பளம் இது. இது பரிசுப் பணம் அல்ல, தர்மமும் அல்ல. செய்த வேலைக்கான கூலி.

முதல்முறை அந்த வேலை கேட்டுப் போனபோது 21 வயது நிரம்பவில்லை என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவரும் அதை மறந்துவிட்டார். ஆனால், அவரை அழைத்துப் போன ஆசிரியை மறக்கவில்லை. வயது நிரம்பியதும் மீண்டும் கையோடு கூட்டிப்போய்ப் பதிவு செய்ய வைத்தார். லாரன்ஸ் பிற்காலத்தில் அமெரிக்காவின் புகழ்பெற்ற ஓவியர்களில் ஒருவரானார். அவரை அழைத்துப் போன ஆசிரியை, அகஸ்டா சாவேஜ் என்ற கருப்பினச் சிற்பி.

அகஸ்டா 1892 பிப்ரவரி 29 அன்று, புளோரிடா மாநிலத்தில் கிரீன் கோவ் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். செங்கல் சூளைகள் நிறைந்த ஊர் அது. பெற்றோருக்குப் பிறந்த 14 பிள்ளைகளில் அவர் ஏழாவது. காசு கொடுத்துப் பொம்மை வாங்க வழியில்லாத வீடு. ஆனால், ஊரெல்லாம் செம்மண் கிடந்தது. அந்த மண்ணைப் பிசைந்து வாத்தும் கோழியும் செய்து விளையாடினார். அப்பா மெதடிஸ்ட் சபைப் போதகர். உருவம் செய்வது பாவம் என்று நம்பியவர். மகளை அடித்துப் பார்த்தார், மகள் நிறுத்தவில்லை. பின்னாளில் அகஸ்டா வடித்த மாதா சிலையைப் பார்த்த பிறகுதான் அப்பாவின் மனம் மாறியது.

குடும்பம் வெஸ்ட் பாம் பீச் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அகஸ்டா படித்த பள்ளியின் தலைமையாசிரியர், மற்ற மாணவர்களுக்குக் களிமண் வேலை கற்றுக்கொடுக்கச் சொல்லி அவருக்கு நாளொன்றுக்கு ஒரு டாலர் கொடுத்தார். தன் கைத்திறனுக்குக் கூலி உண்டு என்று அவர் தெரிந்துகொண்டது அப்போதுதான். 1919இல் மாவட்டக் கண்காட்சியில் அவருடைய பொம்மைகளுக்கு 25 டாலர் பரிசு கிடைத்தது. 1921இல் கையில் ஐந்து டாலர்கூட இல்லாமல் நியூயார்க் வந்து சேர்ந்தார். இளம் வயதிலேயே கணவரை இழந்து, ஒரு பெண் குழந்தைக்குத் தாயாகவும் இருந்தார்.

கட்டணம் வாங்காத கூப்பர் யூனியன் கல்லூரியில் சிற்பம் படிக்க இடம் கிடைத்தது. ஆனால், சில மாதங்களிலேயே அவர் பார்த்துவந்த வேலை போயிற்று. சோற்றுக்கும் வாடகைக்கும் பணம் இல்லை. அவருடைய திறமையைப் பார்த்த கல்லூரி நிர்வாகம் அந்தச் செலவை ஏற்றுக்கொண்டது. நான்கு ஆண்டுப் படிப்பை மூன்றே ஆண்டில் முடித்தார்.

1923இல் வந்தது பெரிய அடி. பிரான்ஸ் நாட்டில் பாரிஸ் அருகே ஃபோன்டேன்புளோ என்ற இடத்தில் நடக்கவிருந்த கோடைக்காலக் கலைப்பள்ளிக்கு அவர் விண்ணப்பித்தார். அமெரிக்கப் பெண்கள் நூறு பேரைத் தேர்ந்தெடுக்கும் திட்டம் அது. அகஸ்டாவை நிராகரித்தார்கள். காரணம் நிறம். தென்மாநிலங்களிலிருந்து வரும் வெள்ளைப் பெண்கள் ஒரு கருப்பினப் பெண்ணோடு ஒன்றாகப் பயணம் செய்யவும் தங்கவும் சங்கடப்படுவார்கள் என்பது தேர்வுக் குழுவின் வாதம். ஒரே பந்தியில் உட்கார மாட்டோம், ஒரே குவளையில் குடிக்க மாட்டோம் என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல.

அகஸ்டா அழுதுவிட்டு ஒதுங்கிப் போகவில்லை. நடந்ததைப் பத்திரிகைகளுக்குத் தெரியப்படுத்தினார். நாடு முழுவதும் விவாதம் நடந்தது. குழு தன் முடிவை மாற்றவில்லை. அதில் இருந்த ஹெர்மன் மெக்நீல் என்ற சிற்பி மட்டும் தன்னிடம் வந்து கற்கும்படி அவரை அழைத்தார். உரிமை கேட்டுச் சத்தம் போட்டவர் என்ற பெயர் அகஸ்டாவுக்கு வந்தது. அந்தப் பெயரே பல கதவுகளை அடைத்தது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

அடுத்த சில ஆண்டுகள் சலவைக்கூடங்களில் துணி துவைத்தும் இஸ்திரி போட்டும் பிழைத்தார். இத்தாலி சென்று படிக்க ஒருமுறை இடம் கிடைத்தும், பயணச் செலவுக்குப் பணம் திரட்ட முடியாமல் அது கைநழுவியது. வேலை முடிந்த நேரத்தில்தான் சிற்பம். வெண்கலத்தில் வார்க்கக் காசில்லாததால் சுண்ணச்சாந்தில் செய்து, வெண்கலம்போலத் தெரிய வண்ணம் பூசினார். கருப்பின மக்களின் பெரும் அறிஞரான டுபாய்ஸின் மார்பளவுச் சிலையைச் செய்தார். தொப்பியைச் சாய்த்துப் போட்ட ஒரு தெருப் பையனின் தலையை வடித்தார். கேமின் என்ற அந்தச் சிற்பம்தான் 1929இல் அவருக்கு ரோசன்வால்ட் நிதியின் உதவித்தொகையை வாங்கிக் கொடுத்தது. ஆறு ஆண்டுக்கு முன் மறுக்கப்பட்ட பிரான்ஸ் பயணம் அப்படித்தான் கைகூடியது.

அவர் திரும்பி வந்தபோது அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தத்தில் சிக்கியிருந்தது. 1933 வாக்கில் நான்கு தொழிலாளர்களில் ஒருவருக்கு வேலை இல்லை. ஹார்லெமில் நிலைமை இன்னும் மோசம். கடைசியாக வேலைக்குச் சேர்க்கப்படுபவர்களும் முதலில் வெளியே அனுப்பப்படுபவர்களும் கருப்பின மக்கள்தாம். சிலை வாங்க யார் வருவார்கள்? அகஸ்டா தன் இடத்தையே பள்ளிக்கூடமாக்கினார். தெருவில் திரிந்த பிள்ளைகளை உள்ளே அழைத்து, கையில் களிமண்ணைக் கொடுத்தார்.

1935இல் அதிபர் ரூஸ்வெல்ட் அரசு மாபெரும் வேலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. சாலை போடுகிறவர், பாலம் கட்டுகிறவர், பள்ளிக்கூடம் எழுப்புகிறவர் எல்லோருக்கும் அதில் அரசே கூலி கொடுத்தது. திட்டத்தை நடத்திய ஹாரி ஹாப்கின்ஸ், கலைஞர்களையும் அதில் சேர்த்தார். பலர் கேலி செய்தார்கள். படம் போடுவது ஒரு வேலையா என்று கேட்டார்கள். கலைஞனுக்கும் வயிறு உண்டு, அவனும் உழைக்கிறான் என்பதில் ஹாப்கின்ஸ் உறுதியாக நின்றார். ஓவியர்கள், சிற்பிகள், நாடகக்காரர்கள், இசைக்கலைஞர்கள், எழுத்தாளர்கள் எனப் பல்லாயிரம் பேர் வாரச் சம்பளம் வாங்கினார்கள். மருத்துவமனைச் சுவர்களிலும் அஞ்சலகங்களிலும் பள்ளிகளிலும் அவர்களுடைய உழைப்பு ஏறியது.

சட்டம் எல்லோருக்கும் பொது. ஆனால், பதிவேட்டில் பெயர் எழுதுகிற கை யாருடையது என்பது முக்கியம். கருப்பினக் கலைஞர்கள் இருப்பதே அதிகாரிகளின் கண்ணுக்குப் படவில்லை. அகஸ்டாவும் அவருடைய நண்பர்களும் 1935இல் ஹார்லெம் கலைஞர்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். எங்கள் கலைஞர்களை வேலைக்கு எடு, மேற்பார்வைப் பொறுப்பையும் எங்களுக்குக் கொடு என்பது அவர்களின் கோரிக்கை. 1936இல் ஹார்லெம் மருத்துவமனைச் சுவர்களில் வரையவிருந்த ஓவியங்களில் கருப்பின மக்களின் வாழ்க்கை அதிகம் இருக்கிறது என்று நிர்வாகம் மறுத்தபோது, சங்கம் எதிர்த்து நின்றது. ஓவியங்கள் சுவரேறின. அகஸ்டா அந்தச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார்.

1937இல் அதே அரசுத் திட்டத்தின் கீழ் ஹார்லெம் சமுதாயக் கலை மையம் திறக்கப்பட்டது. முதல் இயக்குநர் அகஸ்டா. திறப்பு விழாவுக்கு அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் வந்தார். ஓவியம், சிற்பம், அச்சுக்கலை எனப் பலவற்றை அங்கே இலவசமாகக் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் படித்தார்கள். கற்பித்த கலைஞர்களுக்குச் சம்பளம் உண்டு.

1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக ஒரு சிற்பம் செய்ய அகஸ்டாவுக்கு அழைப்பு வந்தது. மையத்திலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு அவர் செய்தது, 16 அடி உயர யாழ். கருப்பின மக்களின் தேசிய கீதமாகக் கருதப்படும் ஒரு பாடலிலிருந்து பிறந்த சிற்பம் அது. பாடுகிற 12 கருப்பினப் பிள்ளைகளே யாழின் நரம்புகள். அவர்களைத் தாங்கி நிற்பது கடவுளின் கரம். கண்காட்சிக்கு வந்தவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சிறிய மாதிரிகளை வாங்கிப் போனார்கள்.

கண்காட்சி முடிந்தது. சுண்ணச்சாந்தில் செய்த சிற்பத்தை வெண்கலத்தில் வார்க்க யாரும் பணம் கொடுக்கவில்லை. எடுத்துப்போய் வைக்க இடமும் இல்லை. மற்றக் கட்டுமானங்களோடு சேர்த்து அதையும் இடித்துத் தள்ளிவிட்டார்கள். விடுப்பு முடிந்து திரும்பிய அகஸ்டாவின் இயக்குநர் நாற்காலியும் வேறொருவரிடம் போயிருந்தது. 1943இல் அரசின் கலைத் திட்டமே மூடப்பட்டது.

1945இல் அவர் நியூயார்க் நகரைவிட்டு சாகர்டீஸ் என்ற கிராமப் பகுதிக்குப் போனார். காளான் வளர்க்கும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். தோட்டம் போட்டார், கோழி வளர்த்தார், பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சிற்பம் கற்றுக்கொடுத்தார். 1962 மார்ச் மாதம் காலமானார். அவருடைய சிற்பங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. ஆனால், அவரிடம் கற்ற ஜேக்கப் லாரன்ஸ், க்வெண்டலின் நைட், நார்மன் லூயிஸ் ஆகியோரின் ஓவியங்கள் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

இந்தக் கதை நமக்குத் தூரத்துக் கதை அல்ல. ஹார்லெமை ஒட்டியிருக்கும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில்தான் 1913 முதல் 1916 வரை அம்பேத்கர் படித்தார். அகஸ்டா யாருக்குச் சிலை செய்தாரோ, அதே டுபாய்ஸுக்குத்தான் 1946இல் அம்பேத்கர் கடிதம் எழுதினார். கருப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொடுத்த மனுவின் நகலைக் கேட்டு எழுதிய கடிதம் அது.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, நம் கிராமங்களில் பங்குனி, சித்திரைத் திருவிழாக்கள் நின்றுபோயின. பறை, நையாண்டி மேளம், கரகம், கூத்து ஆகியவற்றை நம்பி வாழ்கிறவர்கள் வருடத்துக்கான வருமானத்தை ஈட்டுவது அந்த மாதங்களில்தான். சாலைப் பணியாளர் தொழிலாளி, நெசவாளர் தொழிலாளி என்று ஒப்புக்கொள்ளும் ஊர், பறையடிப்பவரைத் தொழிலாளி என்று சொல்லத் தயங்குகிறது. அதற்குக் காரணம் உண்டு. சாவுக்குப் பறையடிப்பதைச் சாதி, கூலி பேசும் வேலையாக வைக்கவில்லை. பிறப்பால் விதித்த கடமையாக வைத்தது. கடமைக்குக் கூலி கிடையாது, மறுக்கும் உரிமையும் கிடையாது. கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். தொழிலாளி என்றால் அப்படியல்ல. அவர் விலை சொல்வார், நேரம் சொல்வார், முடியாது என்றும் சொல்வார். கலைஞரைத் தொழிலாளி என்று ஏற்பது, நம் ஊரில் சாதிக்கட்டின் ஒரு முடிச்சை அவிழ்ப்பதாகும்.

நெருக்கடி வரும்போது அரிசிப் பை கொடுப்பது உதவி. அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால், அரிசிப் பை தீர்ந்ததும் கலைஞர் மறுபடியும் கையேந்த வேண்டும். பள்ளியில் பறை கற்றுக்கொடுக்கும் வேலை, சம்பளத்தோடு கூடிய கலை மையம், பதிவேட்டில் தொழிலாளி என்ற பெயர் ஆகியவை கிடைத்தால் அடுத்த தலைமுறையும் நிமிர்ந்து நிற்கும். தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. அதில் பதிவு செய்யாதவருக்கு அதன் உதவி எட்டாது. உங்கள் தெருவில் பறையடிக்கிற அண்ணன், கூத்துக் கட்டுகிற பெரியப்பா பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாது என்றால், படித்த பிள்ளைகள் எழுதிக் கொடுங்கள். ஒருமுறை திருப்பி அனுப்பினால், மறுமுறையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஜேக்கப் லாரன்ஸுக்கு அகஸ்டா செய்தது அதைத்தான்.