கணக்கில் வராத செலவு: ஜே.சி.குமரப்பா

ஒரகடம் பக்கம் இன்டர்ன்ஷிப் போனா கழிவைக் குறைக்கச் சொல்லித் தருவாங்க. அதையே வேற கோணத்தில் யோசிச்ச ஆடிட்டர் ஒருத்தர் இருந்தார். தஞ்சாவூர்க்காரர், 1892-ல் பிறந்தவர்.

லண்டனில் கணக்கியல் படித்து, பம்பாயில் கோட்டு சூட்டோடு தொழில் நடத்தினார். 1929-ல் காந்தியைச் சந்தித்த பிறகு கதர்.

கணக்கர் புத்தி மட்டும் போகல. வெயில், ஆறு, காடு எல்லாம் ஓடை. நிலக்கரி, பெட்ரோலியம் எல்லாம் தொட்டி, எடுத்தா குறையும் என்று பிரித்தார். தொட்டியைக் காலி செய்வதை லாபம்னு எழுதுவது அவருக்குத் தப்புக்கணக்கு. பேச்சோடு நிற்கல, வர்தாவில் மண்ணெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' விளக்கைப் பரப்பினார்.

இதையெல்லாம் ஜபல்பூர் சிறையில் புத்தகமாக எழுதினார். கடைசிக் காலம் மதுரை அருகே கல்லுப்பட்டியில். 1960 ஜனவரி 30, காந்தி இறந்த அதே தேதியில் காலமானார்.