பிஸ்டன் முதல் டிராக்டர் வரை... யார் இந்த அனந்தராமகிருஷ்ணன்?

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம்னாலே சின்ன வெங்காயம்தான் ஞாபகம் வரும். பட்டம் தவறினால் விளைச்சல் அடிபடும். அதனால் சரியான நாளில் டிராக்டர் வயலில் இறங்கியாகணும்.

டிராக்டர் தயாரிக்கிற ஆலைக்கும் இதே கவலை உண்டு. பிஸ்டன் வரலைன்னா இன்ஜின் இல்லை. இன்ஜின் வரலைன்னா டிராக்டர் இல்லை. இந்தச் சங்கிலியை சென்னையில் கோர்த்தவர்தான் எஸ்.அனந்தராமகிருஷ்ணன்.

யார் இவர்?

1905-ல் நெல்லைச் சீமையின் ஆழ்வார்குறிச்சியில் பிறந்தவர். 1930-களில் சிம்சன் நிறுவனத்தில் சேர்ந்தார். 1840-ல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய ஆங்கிலேயர் கம்பெனி அது. பின்னாளில் அதன் முதல் இந்தியத் தலைவரும் இவர்தான்.

என்ன செய்தார்?

இன்ஜினை மட்டும் தயாரித்தால் போதாது, அதற்குள் போகும் பாகங்களும் இங்கேயே வரணும் என்பது அவர் போட்ட கணக்கு. 1949-ல் இந்தியா பிஸ்டன்ஸ், 1960-ல் டிராக்டருக்கு டாஃபே, 1961-ல் கோவையில் பேரிங் தயாரிக்க பைமெட்டல் பேரிங்ஸ் என அமால்கமேஷன்ஸ் குழுமம் விரிந்தது.

இதில் என்ன லாபம்?

சென்னை செம்பியத்திலேயே பிஸ்டன், இன்ஜின், டிராக்டர் ஆலைகள் அமைந்தன. எத்தனை டிராக்டர், அதற்கு எத்தனை இன்ஜின், எத்தனை பிஸ்டன் என்பதை ஒரே குழுமத்துக்குள் பேசி முடிக்கலாம். வெளிநாட்டுக் கப்பலுக்காகக் காத்துக்கிடக்க வேண்டாம்.

1964-ல் அவர் மறைந்தார். சென்னைக்கு இன்று 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று பேர் இருக்குன்னா, அதற்கு அடித்தளம் போட்டவர்களில் அவரும் முக்கியமானவர்.