பிரெடரிக் டக்ளஸ்

அமெரிக்க நாட்டின் கிழக்குக் கரையில் உள்ளது மேரிலாந்து மாநிலம். அங்கே ஒரு பண்ணையில், 1818-ஆம் ஆண்டில், அடிமைத் தாய் ஒருத்தியின் மகனாகப் பிறந்தார் பிரெடரிக். தாம் பிறந்த நாளையோ ஆண்டையோ அவர் கடைசிவரை திட்டமாக அறிந்திலர். கறுப்பின அடிமைகள் கால்நடைகளைப் போல் விற்கப்பட்ட காலம் அது. தாய் 12 கல் தொலைவில் வேறொரு பண்ணையில் உழைத்தாள். பகலெல்லாம் பாடுபட்ட பின், இரவில் நடந்து வந்து மகனை உறங்கச் செய்து, விடியுமுன் திரும்பிவிடுவாள். அவளை அவர் கண்டது நான்கைந்து முறையே. அதற்குள் அவள் இறந்துபோனாள்.

எட்டு வயதளவில் அவர் பால்டிமோர் நகரத்து வீடு ஒன்றிற்கு அனுப்பப்பட்டார். அவ்வீட்டுத் தலைவி இரக்கமுடன் அவருக்கு எழுத்துக் கற்பிக்கத் தொடங்கினாள். கணவர் அதனைத் தடுத்தார். எழுத்தறிந்தவன் அடிமையாய் அடங்கியிரான் என்பது அவர் கருத்து. அச்சொல்லே சிறுவருக்கு வழிகாட்டிற்று. வீட்டில் கிடைத்த ரொட்டியைப் பையில் இட்டுக்கொண்டு தெருவுக்குச் செல்வார். பசித்த வெள்ளைச் சிறுவர்க்கு அதனை அளித்து, கைம்மாறாகப் பாடம் கேட்பார்.

1834-ஆம் ஆண்டில், அடங்காத அடிமைகளை அடக்குவதில் பேர்பெற்ற கோவி என்னும் குடியானவரிடம் அவர் ஒப்படைக்கப்பட்டார். ஆறு திங்கள் வரை கசையடி ஓயவில்லை. ஒருநாள் கோவி அவரைக் கட்ட முயன்றபோது, பதினாறு வயது இளைஞர் எதிர்த்து நின்றார். வெள்ளையரை எதிர்க்கும் அடிமைக்குக் கொடுந்தண்டனை உண்டு என்பதை அவர் அறிவார். ஆயினும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் போராடினார். தம் பெயர் கெடும் என்று அஞ்சியோ, கோவி அவரைச் சட்டத்திடம் ஒப்புவிக்கவில்லை; பின்னர் அவரை அடிக்கவும் இல்லை. உடல் அடிமையாய் இருந்தது. உள்ளத்தில் ஆண்மை விழித்துக்கொண்டது.

1838-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள், அவர் மாலுமியின் உடை அணிந்து புகைவண்டி ஏறித் தப்பினார். வடநாட்டில் டக்ளஸ் என்னும் பெயர் பூண்டு கூலி வேலை செய்தார். 1841 முதல் அடிமை முறையை எதிர்த்து மேடைகளில் முழங்கினார். இத்துணைச் சொல்வன்மை படைத்தவர் அடிமையாய் இருந்திருக்க இயலுமா எனப் பலர் ஐயுற்றனர். ஐயம் தீர வேண்டுமாயின், உடையவரின் பெயரையும் பிறந்த ஊரையும் வெளியிட வேண்டும். வெளியிட்டாலோ, உடையவர் வந்து பிடித்துச் செல்லச் சட்டம் இடம் தந்தது. டக்ளஸ் யாது செய்தார்? 1845-ஆம் ஆண்டில் தம் வரலாற்றைப் பெயர்களோடும் இடங்களோடும் எழுதி அச்சிட்டார். பின்பு கடல் கடந்து அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் சென்றார். அங்கிருந்த அன்பர்கள் பொருள் திரட்டி, 1846-இல் அவருடைய விடுதலையை விலைகொடுத்து வாங்கினர்.

நாடு திரும்பியவர் 1847-இல் செய்தித்தாள் தொடங்கினார். 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. கறுப்பின இளைஞரைப் படையில் சேருமாறு அவர் அழைத்தார். தம் மைந்தருள் இருவரை அனுப்பினார். அவ்வீரர்க்கு வெள்ளை வீரரினும் குறைந்த ஊதியமே தரப்பட்டது. 1863-இல் குடியரசுத் தலைவர் லிங்கனை நேரில் கண்டு நீதி கேட்டார். 1865-இல் அடிமை முறை ஒழிந்தது. பெண்களின் வாக்குரிமைக்காகவும் உழைத்த அவர், 1895-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள், மகளிர் கூட்டம் ஒன்றிற்குச் சென்று திரும்பிய மாலையில் மறைந்தார்.

அவருடைய பிறப்பு, பண்ணைத் தலைவரின் கணக்கேட்டில் உடைமைகளுள் ஒன்றாக ஒரே வரியில் எழுதப்பட்டிருந்தது. அவரோ தம் வாழ்வை மூன்று நூல்களாகத் தாமே எழுதினார். பிறர் எழுதிய கணக்கில் அவர் ஒரு பொருள். தாம் எழுதிய நூலில் அவர் ஒரு மனிதர். உலகம் இன்று போற்றிப் படிப்பது அந்நூலையே.